படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கம்

பாப்பா, தம்பி, நீங்கள் இரண்டு பேரும் இதை மெதுவாகத்தான் படிப்பீர்கள் என்று தெரியும். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். முதலில் இங்கிலீஷில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அந்த நாலு வரியிலும் நான் நல்லவனாகவே தெரிந்தேன். அதனால் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தேன்.

இந்தக் கேட்டி ஊர் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். தினமும் ஒன்றரை மணி நேரம் வரும் அந்த நேரத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. அதை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் வீடு விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஃப்ரீவேயில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. அந்த ஆபீசுக்குள் நுழையும்போது பத்து மணி தாண்டிவிட்டது.

"வேற நாள் வெச்சுக்கலாமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வட்டி ரேட் இன்னிக்கோட முடியுது. நாளைக்குன்னா ஏறிடும்."

"அப்ப மளமளன்னு போடுங்க. ராகு வந்துருவாரு."

"ஊர்ல இப்ப ராத்திரி. ராகு படுத்திருப்பாரு."

"அவருக்கு டைம் ஸோன் எல்லாம் தெரியும். நீங்க பேனாவைப் புடிங்க."

கையெழுத்து வாங்கிய ஆபீஸ் அம்மாவுக்கு நரைத்த தலை, கண்ணாடியில் ஒரு மணிச் சங்கிலி. மேஜை மேல் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய். பாப்பா, உனக்கு அப்போது ஏழு வயது. அவர் உனக்கு ஒரு மிட்டாய் கொடுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். தம்பி, நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

காகிதக் கட்டு ஒரு முழ உயரம் இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தள்ளினார், நான் போட்டுக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில் மட்டும் அவர் கையை எடுக்கவில்லை.

"இதை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள் சார்" என்றார். நான் படிக்கத் தொடங்காததைப் பார்த்து அவரே நிதானமாகச் சொன்னார். உங்கள் பகுதியில் தண்ணீர்க் குழாய், மழைநீர்க் கால்வாய், பார்க் இதெல்லாம் நகராட்சி போட்டது இல்லை. அதற்கென்று ஒரு சின்ன வாட்டர் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. அது கடன் வாங்கிக் கட்டியிருக்கிறது. அங்கே யார் வீடு வாங்குகிறார்களோ அவர்கள் வருஷா வருஷம் வரியோடு சேர்த்து அதைக் கட்ட வேண்டும். இன்னும் தெருக்கள் வரும், அப்போது இன்னும் கடன் வாங்குவார்கள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இப்போது கேளுங்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்து நாலு.

"நோ கொஸ்டின்ஸ், மேடம்" என்றேன்.

"நிச்சயமாக?"

"யெஸ் மேடம். ஐ நோ, ஐ நோ."

அந்தப் பக்கத்தின் அடியில் என் இனிஷியலைப் போட்டேன். கடைசிக் கையெழுத்து பத்து இருபத்தேழுக்கு. வெளியே வந்ததும் அம்மா கோயிலை விட்டு வருவது போலக் கண்ணை மூடித் திறந்தாள். நான் எதையோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் வால்வு சோதிக்கிறவன். படிப்பு டிப்ளமோதான். ஆனால் அழுத்தத்தை மூன்று தடவை பார்க்காமல் ஒரு சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இவன் கையில் போனால் சரக்கு ஒரு நாள் தாமதம் என்று ஒர்க்ஷாப்பில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான்தான், முப்பது வருஷக் கடன் வைத்து வாங்கிய வீட்டுக் காகிதத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வருஷம் போனது. வரி ஏறிக்கொண்டே வந்தது. நம் தெருவுக்குப் பின்னால் இருந்த வயலில் புது வீடுகள் வந்தன. அதில் பாதிக்கு மேல் நம்மவர்கள். இந்தியாவிலிருந்து வந்து ஒன்றிரண்டு வருஷமே ஆனவர்கள், விசாவில் இருப்பவர்கள்.

அந்தப் புது வீடுகளின் கடைசித் தெருவில் நின்றால், கால்வாய்க்கு அந்தப் பக்கம் தம்பியின் ஸ்கூல் தெரியும். மணி அடிப்பது கேட்கும். ஆனால் கால்வாயைத் தாண்ட வழி கிடையாது. சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஒரு நீளத்துக்கு நடைபாதையே இல்லை. ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் சாக்கடைப் பள்ளம். ஸ்கூலுக்குப் பக்கத்து வீடுகள் என்பதால் பஸ்ஸும் கிடையாது. வீடு விற்ற பில்டரின் படத்தில் அழகாக ஒரு நடைபாலம் வரைந்திருந்ததாம். விற்று முடித்த பிறகு, பாலம் டிஸ்ட்ரிக்ட்டின் பொறுப்பு என்று சொல்லிவிட்டான்.

டிஸ்ட்ரிக்ட், கடன் வாங்கிப் பாலமும் நடைபாதையும் போடலாம் என்றது. அதற்கு ஓட்டெடுப்பு வேண்டும். பழைய தெரு, புதுத் தெரு எல்லாருக்கும் வரி கொஞ்சம் ஏறும். நம் தெரு தமிழ் வாட்ஸப் குரூப் அன்றைக்கே தீப்பிடித்தது.

"பில்டர் சம்பாதிச்சான், பில்டர் கட்டட்டும்."

"பாலம் அவங்க தெருவுல. நம்ம வீட்டு மாடில ஏறி நின்னாக்கூட தெரியாது."

"லேட்டா வந்தவங்க கட்டட்டும். நாம வந்தப்ப நமக்கு யாரு கட்டினாங்க?"

இந்தக் கடைசி வரியை எழுதியது நான். பதினாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எம்.எஸ்., எம்.பி.ஏ. படித்தவர்களின் கட்டைவிரல். எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் ஸ்கூல் கேன்டீன் ஹாலில் ஒரு கூட்டம். மூன்று நிமிடம் யார் வேண்டுமானாலும் பேசலாம். குரூப்பில் இருந்த ஓர் இளைஞர் போன் செய்தார். "அண்ணா, நீங்கதான் பேசணும். நீங்க சிட்டிசன். நாங்க விசாவுல இருந்துட்டு மைக் முன்னாடி போய் நிக்க பயமா இருக்கு."

என்னைப் பேசச் சொல்லி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. எழுதினேன். பாப்பா, பன்னிரண்டு வயது உனக்கு. சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷைத் திருத்தினாய். அதில் ஒரு வரி: நான் வீடு வாங்கியபோது இந்தக் கடனைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் இலக்கணத் தப்போடு எழுதியிருந்தேன். உன் பென்சில் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. என்னைப் பார்த்தாய். பிறகு ஒரு வார்த்தையை அடித்துவிட்டுச் சரியான வார்த்தையை மேலே எழுதினாய்.

சாயங்காலம் ஆறு மணி, கோடை வெயில் ஜன்னலில் அப்படியே இருந்தது. நான் பேசினேன். அந்த வரிக்கு வந்ததும் பேப்பரைப் பார்க்காமல் நிமிர்ந்து சொன்னேன். "யாரும் சொல்லவில்லை." பின்வரிசையிலிருந்து கை தட்டினார்கள். வெள்ளைக்காரர்களும் தட்டினார்கள். எனக்குப் பின்னால் பேசிய நாலைந்து பேரும், அவர் சொன்னது போல எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை என்று தொடங்கினார்கள். மேடையில் இருந்த டிஸ்ட்ரிக்ட்காரர் ஏதோ சொல்ல வாய் எடுத்துவிட்டு நேரம் முடிந்தது என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் காரில் நீ சொன்னாய். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் போடுகிறேன்.

"அப்பா, மிட்டாய் கொடுத்த லேடி சொன்னாங்க."

"எந்த லேடி?"

"வீடு வாங்கினப்ப. படிங்கன்னு சொன்னாங்க. நீங்க கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க."

"உனக்கு அப்ப ஏழு வயசு பாப்பா. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நீ வேற எதையோ நினைச்சுக் குழப்பிக்கிற."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கொஞ்ச தூரம் போன பிறகு, "இருக்கலாம்" என்றாய்.

அந்த "இருக்கலாம்" எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை தூரம் எழுதினேன். பொய் சொன்னது ஒன்று. சரியாக ஞாபகம் வைத்திருந்த பிள்ளையிடம் உனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லி, அவள் தன்னையே சந்தேகப்பட வைத்தது இன்னொன்று. இரண்டாவதுதான் என்னைத் தின்கிறது.

அந்த வாரமே அலமாரியிலிருந்து நீல ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்தது. பெரிய எழுத்தில், ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தது. கீழே என் இனிஷியல், அவசரத்தில் வாலை இழுத்துவிட்ட மாதிரி. ஃபைலை மூடி வைத்தேன். ஓட்டுப் போடும் நாளில் போய் வேண்டாம் என்று குத்திவிட்டு வந்தேன். சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன்.

பாலம் தோற்றது. எத்தனை ஓட்டில் என்று கை கால் விரலில் எண்ணிவிடலாம். இந்த மாதிரி ஓட்டெடுப்புக்கு வருகிறவர்களே கொஞ்சம். பாலம் வேண்டியிருந்தவர்களில் பாதிப் பேர் விசாக்காரர்கள், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் ஜெயித்தோம்.

ஸ்கூல் திறந்தது. தம்பி, தினமும் காலையில் உன்னைக் காரில் கொண்டுபோய் விடுவேன். அந்த ரோட்டின் ஓரத்தில் ஒரு பெண் தன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போவாள். சுடிதாருக்கு மேல் ஒரு பெரிய ஜாக்கெட். லாரி வரும்போது பையனைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, தான் ரோட்டுப் பக்கம் நிற்பாள். லாரி போன பிறகு நடப்பாள்.

"அப்பா, அவன் என் கிளாஸ். ஏன் நாம ஏத்திக்கக் கூடாது?" என்று கேட்டாய்.

"சின்னப் பசங்க உக்கார்ற பூஸ்டர் சீட் அவனுக்கு இல்லையே. போலீஸ் புடிச்சுக்கும்."

"என்னுதை அவனுக்குத் தர்றேன். நான் பெரியவன் ஆயிட்டேன்."

"பேசாம வா."

ஒரு சீட் வாங்க ஒரு கடைக்குப் போனால் போதும். நான் இரண்டு மாதம் போகவில்லை. அவளை ஏற்றினால் பேச வேண்டிவரும்.

பிறகு ஒரு நாள் நம் ஊர் ஐப்பசி மழை மாதிரிப் பிடித்துக்கொண்டது. அவள் குடையைப் பையன் மேல் சாய்த்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றாள். காரை நிறுத்தினேன். தம்பி, நீ உன் சீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு ராஜா மாதிரி நகர்ந்து உட்கார்ந்தாய். அவள் முன்னால் ஏறினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா. உங்க சீட்டெல்லாம் ஈரமாகுது."

"பரவாயில்லம்மா. எந்த ஊர்?"

"தென்காசிப் பக்கம். நீங்க?"

"கரூர். டிரைவிங் கத்துக்கலையா?"

"இனிமேதான். அவருக்கு வேற ஊர்ல ப்ராஜெக்ட், வாரக் கடைசிலதான் வர்றாரு. அவரு சொல்லித் தந்தாதானே." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "பாலம் வந்துரும்னு சொல்லித்தாண்ணா வீடே வாங்கினோம். கூட்டத்துல நம்ம தமிழ்க்காரர் ஒருத்தர் நல்லாப் பேசினாராமே. அவரு பேசித்தான் ஓட்டு மாறிப் போச்சுன்னு சொல்றாங்க."

"அப்படியா?"

"ஆமாண்ணா. நீங்க போகலையா கூட்டத்துக்கு?"

வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. "வேலை இருந்துச்சு" என்றேன். தம்பி, நீ பின்னால் இருந்து, "அப்பா போனாரே" என்றாய். நல்லவேளை இங்கிலீஷில் வேகமாகச் சொன்னாய், மழைச் சத்தம், அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களை இறக்கிவிட்டுவிட்டு ஸ்கூல் வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தேன். வாசல் தூணில் ஒரு பித்தளைத் தகடு உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டிய வருஷம் போட்டிருக்கும். அந்த வருஷம் நம் தெரு நெல் வயல். நம்மில் யாரும் இந்த நாட்டில் இல்லை. பாப்பா, நீ முதல் நாள் உட்கார்ந்த நாற்காலி, உன் முகம் தெரியாத யாரோ கட்டிய வரியில் உனக்காகக் காத்திருந்தது. இனி வரப்போகிறவர்களுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று அவர்களும் ஒரு மைக் முன்னால் கேட்டிருக்கலாம். "நாம வந்தப்ப நமக்கு யாரு கட்டினாங்க?" என்று எழுதினேனே, அதற்குப் பதில் அந்தத் தகட்டில் இருந்தது. அந்தத் தூணுக்கு எதிரில் நூறு தடவை காரை நிறுத்தியிருக்கிறேன்.

யார் கட்டுவது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பில்டர் கட்டினால் அவன் வீட்டு விலையில் ஏற்றிவிடுவான், கடைசியில் அதே தென்காசிப் பெண்தான் முப்பது வருஷம் வட்டியோடு கட்டுவாள். வருகிறவர்கள்தான் கட்ட வேண்டும் என்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வரி கட்ட முடியாமல் திணறுகிற வயசானவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அதையெல்லாம் சொல்லி நான் வேண்டாம் என்றிருந்தால் அது ஒரு கட்சி, சொல்லிவிட்டுப் போகலாம். நான் சொன்னது அது இல்லை. என்னிடம் யாரும் சொல்லவில்லை என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பூஸ்டர் சீட் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு நாள் தவறாமல் அவர்களை ஏற்றிக்கொண்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல்.

டிஸ்ட்ரிக்ட் மறுபடியும் பாலத்தை எடுத்தது. இந்தத் தடவை கூட்டம் புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

"ஏங்க, புதன்கிழமை பன்னெண்டுக்குத்தான் ராகு காலம் ஆரம்பம்."

"தெரியும்."

"ஒண்ணரைக்கு மேல பேச முடியாதா?"

"நல்ல நேரம் பார்த்துப் பண்ணினதுதான் போதுமே" என்றேன். அவள் என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

அரை நாள் லீவு போட்டேன். பாப்பா, நீ ஸ்கூலில் இருந்தாய். இந்தத் தடவை இங்கிலீஷை உன்னிடம் காட்டவில்லை. தப்போடு அப்படியே வாசித்தேன். நான் போன தடவை இங்கே நின்று யாரும் சொல்லவில்லை என்றேன், அது உண்மை இல்லை. ஒரு அம்மா சொன்னார். படிக்கச் சொன்னார். நான் படிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ அந்தப் பக்கம், இதோ என் இனிஷியல். இவ்வளவுதான்.

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு கிழவர் கேட்டார். "எதற்குக் கடிகாரம்?"

"எங்கள் வழக்கத்தில் பத்தரைக்குக் கெட்ட நேரம் ஆரம்பம், சார்."

"இப்போது எப்படி?"

"இப்போதும் கெட்ட நேரம்தான், சார்."

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன்.

குரூப்பில் அன்று மத்தியானமே வந்துவிட்டது. "அண்ணா, நீங்களே இப்படி கால வாரி விட்டுட்டீங்களே." ஒரு கட்டைவிரலும் வரவில்லை.

ஓட்டெடுப்பில் இந்தத் தடவை பாலம் ஜெயித்தது. நான் பேசியதாலா என்று கேட்டால், இருக்காது. அதற்குள் புதுத் தெருவில், பல வருஷமாக இந்த நாட்டில் இருந்த சிலருக்கு சிட்டிசன்ஷிப் கிடைத்துவிட்டது, வரிசையில் நின்று போட்டார்கள். கெடுப்பதற்கு என் மூன்று நிமிடம் போதும் என்று தெரிந்துகொண்டேன். சரி பண்ணுவதற்கு அது போதாது.

அந்தத் தென்காசிப் பெண்ணிடம், கூட்டத்துக்கு அடுத்த நாள் காலையில் காரில் சொன்னேன். "அந்தக் கூட்டத்துல பேசினது நான்தாம்மா. ரெண்டு தடவையும்."

"தெரியும்ணா" என்றாள்.

"எப்ப?"

"மழைல ஏத்தினீங்களே, அன்னிக்கே. உங்க போட்டோவ எங்க தெரு குரூப்புல போட்டிருந்தாங்க. அதான் கூட்டத்துக்குப் போனீங்களான்னு கேட்டேன்."

"அப்புறமும் தினம் வந்தீங்களே" என்றேன்.

"நடக்கறதுக்கு இது மேல்ணா" என்றாள். "அதுவும் இல்லாம, என்னிக்காவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரொம்ப நாள் ஆக்கிட்டீங்க." பிறகு சிரித்துவிட்டுப் பின்னால் திரும்பி, "டேய், லேஸைக் கட்டு" என்று பையனைச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அவள் பையனும் தம்பியும் அடுத்த ஸ்கூலுக்கு பஸ்ஸில் போகிறார்கள். பாலத்துக்கு இன்னும் தூண்தான் நிற்கிறது. முடியும்போது அந்தப் பையனுக்கு அது தேவைப்படாது. வேறு பிள்ளைகள் நடப்பார்கள். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறாள். கொஞ்சம் தேறுகிறது, முழுசாக இல்லை. அந்த இரண்டு மாதம் அவன் பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை.

பாப்பா, இரண்டாவது கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு உன்னிடமும் சொல்ல வந்தேன். நீ ஹெட்போன் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாய். கதவு வரைக்கும் வந்து, சாப்பிட வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீல ஃபைல் எங்கள் ரூம் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப் பார். அந்த அம்மா படிக்கச் சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உனக்கு ஏழு வயது, வாயில் மிட்டாய். நீ சொன்னது சரி.